செல்வலட்சுமி டீச்சர் இறக்கிக்கொண்டு வந்த படம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கம்ப்யூட்டர் என்றால் எனக்கு ஆகாது. எங்கள் பள்ளிக்கு அரசுத் திட்டத்தில் மூன்று கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, "இதுக்குப் பதிலா நாலு ஜன்னலுக்குக் கதவு போட்டுக் குடுத்திருக்கலாம்" என்று சொன்ன ஆள் நான். தாயில்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமம், அதில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, அதில் நான் தமிழாசிரியர். தலைமையாசிரியர் சங்கிலிமுத்து அந்த மூன்றையும் தன் அறையில் வைத்து, மேலே பழைய வேட்டியைப் போர்த்தி, சாமி விக்கிரகம் மாதிரி காபந்து பண்ணினார். அம்புட்டுக் காபந்திலும் எலி புகுந்து இரண்டின் வயரைக் கடித்துவிட்டது. மிச்சம் ஒன்று. அந்த ஒன்றை அவரிடம் சண்டை போட்டுப் பிடுங்கி வகுப்புக்குக் கொண்டுவந்தவர்தான் செல்வலட்சுமி டீச்சர்.

அறிவியல் டீச்சர். நான் சொல்வது 2008-ல் நடந்தது. அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. கணவர் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள். குள்ளமான உருவம், கணீரென்ற குரல். யாராவது "பார்க்கலாம்" என்று இழுத்தால், "எப்பப் பாக்கலாம்?" என்று தேதி கேட்பார். அதனாலேயே ஆசிரியர் கூட்டங்களில் அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அவர் பிறந்தது வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். அப்பா பெத்தணன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதான், காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மாத்திரை. டீச்சர் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, 1981 புரட்டாசியில், மருந்து அறை வெடித்து அப்பா இறந்துபோனார். மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்தது. அம்மா வள்ளித்தாய்க்கு எழுத்துத் தெரியாது. பேப்பரை மகளிடம் கொடுத்து, "என்ன போட்டிருக்கு, படி" என்றிருக்கிறார். பதினாலு வயதுப் பெண் படித்தது: தொழிலாளியின் அறியாமையே விபத்துக்குக் காரணம்.

"எங்கய்யா நாலு எழுத்துப் படிச்சிருந்தா செத்துருக்க மாட்டாக சார்" என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டு சொன்னதில்லை. கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்வார், பெற்ற தகப்பன் மேலேயே எரிச்சல். எங்கள் பள்ளியில் நூற்றுப்பத்து பிள்ளைகள். அதில் எண்பது பேருடைய அப்பாவோ அம்மாவோ இரண்டு பேருமோ பட்டாசு வேலைக்குத்தான் போனார்கள். இந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஒரு ஆள்கூட விவரம் தெரியாமல் சாகக்கூடாது என்பதுதான் டீச்சருக்கு வைராக்கியம். சம்பளம், பதவி உயர்வு, நல்லாசிரியர் விருது எதுவும் அவர் கணக்கில் கிடையாது. இது ஒன்றுதான்.

பள்ளியில் கம்ப்யூட்டர் உண்டே தவிர இன்டர்நெட் கிடையாது. டெலிபோன் வயரே எங்கள் ஊருக்கு வரவில்லை. டீச்சர் என்ன செய்தார் என்றால், சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி சிவகாசிக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காளிராஜ் என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வீட்டில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ் இருந்தது, அதைத் தம்பி தலையில் கட்டிவிட்டு இவர் இந்தப் பக்கம் வந்தவர். ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் பலகை வைத்து அடைத்து, முன்னால் ஒரு திரைச்சீலை. உள்ளே போன கல்லூரிப் பையன்கள் லேசில் வெளியே வரமாட்டார்கள். அந்த இடத்தில் போய் குடையும் நோட்டும் டிக்‌ஷனரியுமாக டீச்சர் நின்றிருக்கிறார். பையனைத் தேடி வந்த அம்மா என்று நினைத்து காளிராஜ், "உங்க மகன் இன்னைக்கு இங்கன வரலம்மா" என்றாராம்.

"எனக்கு மகனே கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் குடுங்க. அந்தச் சீலையக் கழட்டிப் போடுங்க, காத்து வரட்டும்."

அன்றிலிருந்து மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்குச் சனிக்கிழமைகளில் திரை கிடையாது.

அவருடைய நோட்டை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டிருப்பார். தளத்தின் பெயர், எந்தப் பாடத்துக்கு ஆகும், முழுக்க இலவசமா இல்லை பாதியில் காசு கேட்குமா, நெட் இல்லாமல் ஓடுமா. கடைசிக் கட்டம்தான் உயிர்நாடி. அது தெரியாமல் முதல் தடவை நன்றாக ஏமாந்தார். இதயம் துடிப்பதைக் காட்டும் ஒரு பக்கத்தை சி.டி.யில் ஏற்றிக்கொண்டு வந்து, எட்டாம் வகுப்பை உட்காரவைத்துத் திறந்தால், எழுத்தெல்லாம் வந்தது, இதயம் மட்டும் வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம். "உள்ள என்ன டீச்சர் இருக்கு?" என்று மாரிசெல்வி என்கிற பிள்ளை கேட்டது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று சிரித்தேன், பொய் சொல்வானேன். டீச்சர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் இதயத்தை வரைந்துவிட்டார். படம் தனிக் கோப்பு, அதைத் தனியாக இறக்க வேண்டும் என்று அடுத்த சனிக்கிழமை காளிராஜ் சொல்லிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வாராவாரம் ஏதாவது ஒன்று வந்தது. கோள்கள் சுற்றின. எரிமலை பிளந்தது. ஒரு தவளையை மவுஸாலேயே அறுத்து உள்ளே பார்த்தார்கள். பார்த்து முடித்ததும், "திரும்பத் தச்சு விட்டுருங்க டீச்சர்" என்று ஆறாம் வகுப்பு கெஞ்சியது. எல்லாமே இங்கிலீஷ், அதுவும் வெளிநாட்டு வாயில் வருகிற இங்கிலீஷ். டீச்சர் சத்தத்தை நிறுத்திவிட்டு, பெயர்களைத் தமிழில் துண்டுச் சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டர் திரை ஓரத்தில் ஒட்டுவார். "உராய்வு சரியா சார், இல்ல தேய்ப்பா?" என்று என்னிடம் வருவார். இப்படித்தான் நான் உள்ளே இழுக்கப்பட்டேன். இரண்டு மாதத்தில், சனிக்கிழமை என்ன கிடைத்தது என்று திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகக் கேட்பவன் நானாகிவிட்டேன். ஆனாலும் கம்ப்யூட்டர் எனக்கு ஆகாது என்று சொல்வதை மட்டும் விடவில்லை.

இதற்கிடையில் அவர் ஒரே ஒரு விஷயத்தை ஐந்து சனிக்கிழமை விடாமல் தேடினார். மருந்து நமத்துப்போனால், அதாவது ஈரம் ஏறினால், ஏன் தானாகச் சூடாகிறது, ஏன் வெடிக்கிறது. அவருடைய அப்பா இறந்தது நமத்த மருந்தால் என்று மட்டும் ஊரில் சொல்லியிருந்தார்கள். ஐந்தாவது சனிக்கிழமை, ஏதோ வெளிநாட்டுக் கல்லூரியின் வேதியியல் துறை இலவசமாகப் போட்டிருந்த ஒரு நிமிடப் படம் கிடைத்தது. ஒரு தட்டில் உலோகப்பொடி கலந்த சாம்பல் நிறக் குவியல். அதில் ஈரம் படுகிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடப்பதில்லை. பிறகு மெல்லிய புகை, பிறகு தீ. கடைசியில் அதையே ஒரு மூடிய டப்பாவுக்குள் காட்டுகிறார்கள். டப்பா வெடித்துச் சிதறுகிறது.

டீச்சர் அந்தப் படத்தைக் கொண்டுவந்த திங்கட்கிழமை அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததுபோல அம்புட்டுச் சந்தோஷம். வெள்ளிக்கிழமை ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பையும் கூடத்தில் உட்காரவைத்துக் காட்டுவது என்று முடிவானது.

இனி வருவது என் தப்பு. வழக்கம்போல டீச்சர் சத்தத்தை நிறுத்தித்தான் வைத்திருந்தார். நான்தான், "வெடிக்கிற படத்துக்குச் சத்தம் இல்லாட்டி என்ன டீச்சர் இருக்கு?" என்றேன். கம்ப்யூட்டரின் சத்தம் முதல் வரிசைக்கே எட்டாது. காலை வழிபாட்டு மைக்கை எடுத்துவந்து ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தேன். அந்த மைக் மொட்டைமாடிக் குழாய் ஸ்பீக்கரோடு சேர்ந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் என்ன என்று நினைத்தேன். நான் காரியாபட்டிக்காரன், எங்கள் வீட்டில் பட்டாசு வேலைக்குப் போனவர் கிடையாது. வெடிச் சத்தம் என்றால் எனக்குத் தீபாவளி. இந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று டீச்சருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவர் கண் திரையை விட்டு அகலவில்லை.

டப்பா வெடித்தது. மொட்டைமாடியில் இருந்து ஊர் முழுக்கக் கேட்டது.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சத்தம் கேட்டால் முதலில் தெருவுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள், புகை எந்தத் திசையில் என்று. திசையை வைத்து எந்தக் கம்பெனி என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் ஓடுவார்கள். சோதனைக்குப் போடுகிற வெடிக்குத் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள், வித்தியாசம் காதுக்குத் தெரியும். அன்றைக்குச் சத்தம் வந்தது, புகை இல்லை, வந்த திசையோ பள்ளிக்கூடம். மூன்று நிமிடத்தில் நாற்பது, ஐம்பது பெண்கள் கேட்டுக்குள் வந்துவிட்டார்கள். வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிய கையெல்லாம் பசையும் தூளுமாக இருந்தவர்கள், அடுப்படியில் இருந்து அப்படியே வந்தவர்கள், செருப்பில்லாதவர்கள். மாரிசெல்வியின் அம்மா முத்துமாரியம்மாள்தான் முதலில். கூடத்தில் மகளைப் பார்த்ததும் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. அந்த நிமிடம் பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

சங்கிலிமுத்து கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. கம்ப்யூட்டர் இன்றோடு அவர் அறைக்குப் போகிறது, டீச்சர் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டும் என்றார். டீச்சர் அவரைக் கவனிக்கவே இல்லை. முத்துமாரியம்மாளுக்கு எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"தப்புத்தான்க்கா. என்னைய மன்னிச்சிருங்க. எனக்குமா புத்தி இல்லாமப் போச்சு?"

முத்துமாரியம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்படி என்னத்த டீச்சர் காட்டுனீக பிள்ளைகளுக்கு?"

சத்தத்தை நிறுத்திவிட்டு டீச்சர் மறுபடி போட்டார். பெண்கள் நின்றபடியே பார்த்தார்கள். நமத்த மருந்து என்று அவர் சொன்னதும் பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருங்கினார்கள். முடிந்ததும் முத்துமாரியம்மாள், "எங்க வீட்டு ஆளு மருந்துலதான் இருக்காக. இத அவுகளுக்கும் காட்டணும்" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஐம்பது பெண்களை எதிர்த்துப் பேசும் தைரியம் சங்கிலிமுத்துவுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்துக் காட்டலாம் என்று முனகினார்.

ஞாயிறன்று இருபது ஆண்கள் வந்தார்கள். எல்லாருமே மருந்து அறையில் வேலை செய்கிறவர்கள். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டீச்சர் அரை மணி நேரம் பேசினார். அவர் அவ்வளவு நன்றாகப் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஈரம் ஏறினால் உள்ளே என்ன நடக்கிறது, சூடு எப்படிக் கூடுகிறது, அந்த நிலையில் சல்லடையில் போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். படத்தை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் போட்டார். முடிந்ததும் எல்லாரும் செல்லப்பாண்டியைப் பார்த்தார்கள். அவர் முத்துமாரியம்மாளின் கணவர், இருந்தவர்களில் பழைய ஆள்.

"நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றார் செல்லப்பாண்டி.

"நல்லா இருக்கட்டும். இதுல உங்களுக்குத் தெரியாதது என்ன இருந்துச்சு, அதச் சொல்லுங்க."

செல்லப்பாண்டி துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார். "கேட்டா சொல்லித்தான ஆகணும். ஒண்ணும் இல்ல தாயி. எல்லாம் தெரிஞ்சதுதான்."

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தெரிஞ்சுமா நமத்த மருந்த சலிக்கீக? தெரிஞ்சுமா சாகுறீக?"

"நமத்தா கொட்டிப் புதைக்கணும். கை வச்ச மொத நாளே எனக்கு அதச் சொல்லிக் குடுத்துட்டாக." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "சொல்லிக் குடுத்ததே உங்கய்யாதான்" என்றார்.

டீச்சர் திரைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"எங்கய்யாவா?"

"பெத்தணன் அண்ணாச்சிகிட்டத்தான் நான் வேலைக்குச் சேந்தது. நீங்க அவுக மகள்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். பேச்சு எடுக்க வேண்டாம்னு இருந்தேன். அன்னைக்கு மூணு நாளா அடைமழை. மருந்து நமத்துருச்சு. கையில அள்ளிப் பாத்துட்டு, இது ஆகாது, கொட்டிருவோம்னு அவுகதான் மொதல்ல சொன்னாக. வாசல்ல லாரி நிக்குது. தீபாவளி லோடு. காயப்போட்டுச் சலிச்சுக் குடுத்தாத்தான் ஆச்சுன்னு மேல இருந்து ஒரே சத்தம். எம்புட்டோ சொல்லிப் பாத்தாக. கேக்கல. உள்ள நாங்க நாலு பேரு இருந்தோம். எங்க நாலு பேரையும் வெளிய போயி வேப்பமரத்தடியில உக்காருங்கலேன்னு அனுப்பிட்டு, சல்லடைய அவுகளே வாங்கிக்கிட்டாக."

"தெரிஞ்சா?"

"தெரியாமயா தாயி எங்கள வெளிய அனுப்புனாக?"

ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து, டீச்சரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். செல்லப்பாண்டி போகும்போது பெஞ்சை இருந்த இடத்தில் இழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கரண்டும் போய்விட்டது. டீச்சர் இருட்டான திரைக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தார்.

"இருபத்தேழு வருசம் சார்" என்றார் டீச்சர். "எங்கய்யாவ விவரங்கெட்ட மனுசன்னே நெனச்சுட்டு இருந்துட்டேன். எங்கம்மாவுக்கு அந்தப் பேப்பரப் படிச்சுச் சொன்னவளே நான்தான். அவுக சாகுற வரைக்கும் அத நம்பிக்கிட்டே இருந்தாக."

பிறகு அழுதார். நானும் அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் சிவகாசிக்குப் போகவில்லை. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரைக் காலியாக வைத்துக் காத்திருந்ததாகக் காளிராஜ் பின்னால் என்னிடம் சொன்னார். இனி டீச்சர் இந்தக் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். தகவல் இல்லாததால் ஜனங்கள் சாகிறார்கள் என்ற நம்பிக்கையில் ஓடிய மனுஷி. தகவல் எல்லாம் எப்போதோ அங்கேயே இருந்தது என்று தெரிந்தபின் எதைத் தேடிப் பஸ் ஏறுவார்?

ஆனால் திங்கட்கிழமை அறிவியல் பாடவேளையில் எட்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் ஓடியது. அதே படம்தான், சத்தம் இல்லாமல். நான் ஜன்னல் ஓரத்தில் நின்று பார்த்தேன். பாடம் முடிந்ததும், ஏன் வெடித்தது என்று டீச்சர் கேட்கவில்லை. அது பிள்ளைகளுக்கும் தெரியும் என்பது அவருக்கு இப்போது புரிந்திருந்தது. கரும்பலகையில் வீட்டுப்பாடம் எழுதிப் போட்டார்: "ஆபத்து என்று தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்? செய்யச் சொல்வது யார்? வீட்டில் கேட்டு எழுதி வரவும்."

மறுநாள் பதினெட்டு நோட்டும் வந்தன. சிலர் சீசன் என்று எழுதியிருந்தார்கள், சிலர் போர்மேன் என்று, சிலர் லாரி என்று. திருத்துகிற வேலையில் பாதியை டீச்சர் என்னிடம் தந்தார். மாரிசெல்வியின் நோட்டை மட்டும் தானே வைத்துக்கொண்டு, பார்த்து முடித்தபின் என் பக்கம் தள்ளினார். அதில் இரண்டே வரி. "அப்பாவிடம் கேட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்."

அதற்கு டீச்சர் சரி போட்டிருந்தார்.